திருப்பி அனுப்பிய நான்கு மனுக்கள்

1. முதல் நாள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தி. நகரில் இருந்த அரசு மருத்துவ உதவிப் பிரிவு ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். அரசு உதவி கிடைக்கும் நோய்களின் பட்டியலை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார் சூப்பிரண்டு.

"லிஸ்ட்ல இருந்தா ஃபைல் போடு. இல்லேன்னா சிலிப் வெச்சு அன்னிக்கே திருப்பி அனுப்பிடு. பெண்டிங் இருக்கக் கூடாது."

என் மேஜையில் பெண்டிங்கே இருந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

2. கல்யாணி

மயிலாப்பூரில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவர் கல்யாணி. இருபத்தாறு வயது. உடம்பில் செம்பு சேர்ந்துகொண்டே போகும் அபூர்வ நோய். கை நடுங்கி, வேலையும் போய்விட்டது. மாத்திரை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். பட்டியலில் அந்த நோய் இல்லை. அவர் கொண்டுவந்த மனுவோடு சிலிப்பைச் சேர்த்து நீட்டினேன்.

"மருந்து விஷயம் இருக்கட்டும் சார். இதே வியாதியோட வேற யாராவது இங்க வந்திருக்காளா? எங்காத்துல எல்லாரும் என்னைப் பாத்து பயந்துண்டிருக்கா. ஒருத்தரோடயாவது பேசணும் போல இருக்கு."

"நீங்க ஒருத்தர்தாம்மா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

3. எண்ணிக்கை

கல்யாணி விடவில்லை, மேலிடத்துக்கு எழுதினார். அந்த நோயைப் பட்டியலில் சேர்க்கலாமா, இதுவரை அதற்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று அங்கிருந்து எங்களைக் கேட்டார்கள். ஃபைல் பீரோவைப் பார்த்தேன். எதுவும் இல்லை. கல்யாணியை மட்டும் கணக்கில் வைத்து 'ஒருவர்' என்று எழுதினேன்.

"ஒரு ஆளுக்காகப் பாலிசிய மாத்துவாங்களா? அனுப்பு, முடியட்டும்" என்றார் சூப்பிரண்டு.

உறையை ஒட்டும்போதுதான் உறைத்தது. திருப்பி அனுப்பிய மனுவுக்கு ஃபைலே கிடையாது, பீரோவில் எப்படி இருக்கும்? தபால் ரிஜிஸ்டரை எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதே நோய்க்கு நான்கு பேர்: ஆதம்பாக்கத்தில் ஆட்டோ ஓட்டும் முனுசாமி, அடையாறில் ஒரு கல்லூரிப் பெண், வேளச்சேரியில் சந்திரசேகர், கடைசியாகக் கல்யாணி. நான்கு பேருக்கும் எதிரே 'திருப்பப்பட்டது' என்று என் கையெழுத்து. வெட்கமாக இருந்தது.

'நால்வர்' என்று மாற்றி எழுதிக்கொண்டு போனேன். "நம்ம தப்ப நாமளே எழுதிக் குடுக்கணுமாய்யா?" என்று முறைத்தார் சூப்பிரண்டு. பிறகு ஒப்பமிட்டார்.

4. பெஞ்சு

ஓராண்டு இழுத்தடித்து, நோய் பட்டியலில் ஏறியது. நால்வரையும் ஒரே நாள் காலையில் வரச் சொல்லி எழுதினேன். வேண்டுமென்றேதான்.

மூன்று பேர் வந்து வராந்தா பெஞ்சில் ஆளுக்கொரு மூலையாக உட்கார்ந்தார்கள். டீ வந்தது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்த முனுசாமி, கல்யாணியின் கையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, உனக்கும் ஆடுதா? எனக்கு மட்டுந்தான்னு நென்ச்சிக்கினு இருந்தேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சிண்டிருந்தேன்" என்றார் கல்யாணி. சிரித்தார், பிறகு அழுதார். கல்லூரிப் பெண் நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

சந்திரசேகருக்கு எழுதிய கடிதம் மறுநாள் திரும்பி வந்தது. உறைமேல் 'பெறுநர் இறந்துவிட்டார்' என்று தபால்காரர் எழுதியிருந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். விதி திருப்பி அனுப்பச் சொன்னால் அனுப்புங்கள். ஆனால் யாரை, எதற்காக என்று தனி நோட்டில் எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை அதைப் படியுங்கள்.

சந்திரசேகரும் நேரில்தான் வந்தார் என்று ரிஜிஸ்டர் சொல்கிறது. அவரிடமும் "நீங்க ஒருத்தர்தான்" என்று சொன்னேனா என்பது, எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.