எல்ட் என்ற சொல்லும் அப்பாவின் வயதும்

நேற்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றில் விரலை வைத்து, “மிஸ், எல்டுன்னா என்ன?” என்றாள்.

“முதுமை” என்று பட்டென்று சொல்லிவிட்டேன். தயங்காமல் பதில் சொல்வதில் நான் கெட்டிக்காரி. வீட்டில் முதலாவதாகப் படித்தவளுக்கு அந்தத் திமிர் கொஞ்சம் கூடுதல்தான். ஓய்வு நேரத்தில்தான் அகராதியைப் பார்த்தேன். இன்று யாரும் புழங்காத சொல். முதலில் எந்த வயதுக்கும் பொதுவாக இருந்து, பிறகு முதுமைக்கு மட்டும் என்று சுருங்கியிருக்கிறது. அதன் வேருக்கு ஊட்டி வளர்த்தல் என்று பொருளாம்.

ஊட்டி என்று படித்ததும் எனக்கு மயில்துத்த வாடை அடித்தது. அப்பா சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டத்து வேலையாள். கொடிகளுக்கு அந்த நீல மருந்தை அடித்துவிட்டு, நீலம் ஏறிய நகங்களோடு என் மதியச் சோற்றைப் பள்ளிக்குக் கொண்டுவருவார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் நான். அப்போதே அவருக்குத் தலை முழுக்க நரை.

“ஏடி, ஒங்க தாத்தா தூக்குவாளியோட நிக்கிறாக!” என்று பத்தாம் வகுப்பே சிரித்தது. அப்பா என்று நான் திருத்தவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, அதுவாவது சின்னத் தப்பு.

அந்த வருடம்தான் ஊரில் ஆதார் எடுத்தார்கள். எழுதத் தெரிந்தவள் என்று படிவம் என் கைக்கு வந்தது. அப்பாவின் வயதைக் கேட்டேன்.

“ஆத்துல வெள்ளம் வந்தப்ப மாடு மேச்சேன். ஒங்க பெரியத்தைக்கு மூணு வயசு எளையவன். நீயே பாத்துப் போட்டுக்க ஆத்தா.”

பார்த்தேன். ஐம்பத்தெட்டு வந்தது. நாற்பத்தெட்டு என்று எழுதினேன். என் அப்பா காகிதத்திலாவது மற்ற பிள்ளைகளின் அப்பாக்களைப் போல இருக்கட்டும் என்று.

இரண்டு வருடம் கழித்து முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட்டார். வயது போதாது என்று திருப்பிவிட்டார்கள்.

“கம்ப்யூட்டர்ல தப்பா ஏறிருச்சு போல. நீ படிச்ச பிள்ள, நீ தப்பாவா எழுதியிருப்ப?” என்றார் அப்பா.

“சரி பண்ணிரலாம்ப்பா” என்றேன். பண்ணவில்லை. பண்ணினால் யார் எழுதியது என்று சொல்ல வேண்டிவரும். நான் கல்லூரிக்குப் போனேன். அவர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்தபடி, கையைத் தூக்கிக் கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். ராத்திரியில் தோளுக்குத் தைலம் தேய்த்தது அம்மா.

அட்டையில் அறுபது ஆவதற்குள் அவர் போய்விட்டார். துக்கத்துக்கு வந்த ஒருவர் சுவரில் ஒட்டியிருந்த அஞ்சலி நோட்டீஸைப் படித்துவிட்டு, “அம்பத்தாறுதானா? சின்ன வயசுலயே போயிட்டாகளே” என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் நோட்டீஸைப் பார்த்தேன். இறப்புச் சான்றிதழிலும் அதேதான்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. பந்தல் கால்களைப் பிடுங்கிவிட்டு வீட்டுமனைக் கல் ஊன்றியிருக்கிறார்கள். எல்டுக்காவது அகராதியில் ஒரு மூலை இருக்கிறது. வெயிலில் நின்று அப்பா எனக்குச் சோறு போட்ட பத்து வருடம் எந்தக் காகிதத்திலும் இல்லை.