கேம்ப்புக்குக் கழற்றிய மூக்குத்தி

என் எட்டுக்கல் மூக்குத்தி இப்போது ஒரு தைல டப்பாவில் பஞ்சு சுற்றிக் கிடக்கிறது. கல்யாணத்துக்கு என் அப்பா போட்டது. இரண்டு பிள்ளை பெற ஆஸ்பத்திரியில் படுத்தபோதுகூட நான் அதைக் கழற்றவில்லை. கழற்றியது ஒரே ஒரு நாள்தான், அதுவும் அமெரிக்காவில், என் பெரிய மகன் வீட்டுக் குளியலறையில். எதிரே பெரிய கண்ணாடி இருந்தது. ஆனால் என் முகமே எனக்குப் புகையாகத் தெரிந்ததால், சோப்பைத் தடவி, கையால் தேடித்தான் திருகாணியைக் கழற்றினேன்.

பெரியவன் பர்கூர் காலேஜில் இன்ஜினியருக்குப் படித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் மூன்று வருஷம் ஷிஃப்ட் பார்த்து, அப்புறம் அமெரிக்கா போனவன். அவன் இருந்த மாநிலத்தில் எங்கே பார்த்தாலும் ஏரி, ஏரியைச் சுற்றிக் காடு என்பான். எங்களுக்குக் கெலவரப்பள்ளி அணைத் தண்ணீரில் தக்காளித் தோட்டம். செடியில் பழம் எது, காய் எது என்று பிரிக்க முடியாமல் நான் காயைப் பறித்துக் கூடையில் போட ஆரம்பித்த வருஷம், போனில் அவனிடம் சொன்னேன், "கண்ணுல பாலாடை விழுந்த மாதிரி இருக்குதுடா." அந்தப் பக்கம் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அவன் அவசரமாக, "நீ கெளம்பி வாம்மா. லீவுல உன்னைக் கேம்ப்புக்குக் கூட்டிக்கினு போறேன்" என்றான்.

எங்கள் பக்கத்தில் கேம்ப் என்றால் ஒன்றுதான், கண் ஆபரேஷன் கேம்ப். பள்ளிக்கூடத்தில் பந்தல் போடுவார்கள். முதல் நாளே தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்வார்கள், பிறகு ஒரு மாசம் தலையில் தண்ணீர் படக்கூடாது. தோடு மூக்குத்தியைக் கழற்றச் சொல்வார்கள். எந்தக் கண்ணோ அதற்கு மேலே நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். அது அவனுக்கும் தெரியும் என்று நினைத்தேன். இங்கே பிறந்து வளர்ந்தவன்தானே.

அந்த மாசமே ஊரில் கண் கேம்ப்புக்குப் பேர் எழுத ஒரு நர்ஸம்மா வந்தார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இடது கண்ணு நல்லா முத்திப்போச்சும்மா, தள்ளிப் போடாதீங்க" என்றார். "என் பேரை எழுதாதம்மா. என் மகன் அமெரிக்காவுல கேம்ப்புக்குச் சொல்லி வெச்சிருக்கான்" என்றேன். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரி சும்மா இருப்பாளா. "ஏமக்கா, உன் கண்ணுக்கு நம்மூரு டாக்டருங்க ஆவ மாட்டாங்களா?" என்று சிரித்தாள். "பெத்து வெச்சிருக்கிறேன், போறேன். உனக்கென்ன?" என்றேன். பால் சொசைட்டியிலும் நானாகவே போய்ச் சொன்னேன். மாட்டை விட்டு வரமாட்டேன் என்று என் வீட்டுக்காரர் இருந்துவிட்டார். நான் தனியாக விமானம் ஏறினேன்.

கேம்ப் நாளன்று விடியலில் எழுந்து தலைக்குக் குளித்தேன். மூக்குத்தியைக் கைக்குட்டையில் முடிந்து மருமகளிடம் கொடுத்தேன். "ஏன் அத்தை கழட்டிட்டீங்க?" என்றாள். "கேம்ப்புல கழட்டச் சொல்வாங்க இல்ல" என்றேன். "அதுவும் சரிதான், எங்கயாச்சும் விழுந்துட்டா தேட முடியாது" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். நாலு மணி நேரம் காரில் போனோம். ஊர் கழிந்து, வீடுகள் கழிந்து, பச்சையாக ஏதோ இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தது. இறங்கியதும் மர வாசனை. அங்கங்கே சின்னச் சின்னத் துணிக் கூடாரங்கள், பக்கத்தில் தண்ணீர். பணக்கார நாடு, ஆளுக்கொரு பந்தல் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மகன் முளை அடித்துக் கூடாரம் கட்டினான். ஒரு மடக்கு நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன்.

வெயில் உச்சிக்கு வந்தது. மருமகள் ஏதோ வாட்டினாள். பேத்தி தண்ணீரில் குதித்தாள். மகன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். "ஏன்டா, எப்போ கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன். "யாரும்மா?" என்றான், திரும்பாமலே.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்களுக்குக் கேம்ப் என்றால் காட்டில் கூடாரம் அடித்துத் தங்குவது. "சாப்பிடத்தான்" என்றேன். "பசிக்குதா? இதோ ஆயிடுச்சும்மா. ஏரியைப் பாத்தியா, எப்படி இருக்குது?" என்றான். எனக்குத் தெரிந்தது காயப்போட்ட வெள்ளை வேட்டி மாதிரி ஒரு வெளுப்புதான். "நல்லா இருக்குது" என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். மகன் அடித்துப்பிடித்து எங்காவது கூட்டிப்போயிருப்பான். ஆனால் ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவள் நான், பெற்ற பிள்ளையிடம் கையேந்தி நின்று கேட்பதா என்று இருந்துவிட்டேன். கண்ணில் பாலாடை என்று சொன்னது அவன் காதில் விழவே இல்லையா, விழுந்தும் மறந்தானா, இன்றுவரை நான் கேட்டதில்லை. அந்த லீவில் இன்னும் இரண்டு ஏரிக்குக் கூட்டிப்போனான். "அம்மாவுக்குக் கேம்ப்னா உயிரு" என்று தன் சிநேகிதர்களிடம் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

ஊர் திரும்பிய பத்தாம் நாள் இடது கண் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. கிருஷ்ணகிரிக்குப் போனோம். அந்த டாக்டரம்மாவுக்கு என் பெரியவன் வயதுகூட இருக்காது. புரை முத்திக் கரைந்து, உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு போய்விட்டது, வலது கண்ணை மட்டும் காப்பாற்றலாம் என்றார். "இத்தனை நாளு எங்கம்மா இருந்தீங்க?" என்று கோபமாகக் கேட்டார். "கேம்ப்புல இருந்தேன்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி இரண்டு கண்ணும் தெரிந்து, என் வாசல் வழியாகவே மாடு ஓட்டிக்கொண்டு போகிறாள். ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

மகனிடம், ஆபரேஷன் ஆச்சு, நல்லா இருக்கேன் என்று மட்டும் போனில் சொன்னேன். எந்தக் கண், ஒன்றா இரண்டா என்று அவன் கேட்கவில்லை. மூக்குத்தியை நான் திரும்பப் போடவில்லை. வீம்புதான். ஓட்டை மெல்ல மெல்லத் தூர்ந்துபோயிற்று.

போன மாசம் வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய ஏரிக் கதையெல்லாம் பேசினான். பேச்சுக்கு நடுவில், "ஏம்மா மூக்குத்தி போடல?" என்றான். "கேம்ப்புக்குக் கழட்டினதுடா" என்றேன்.

"அன்னிக்குக் கழட்டினதா? எதுக்கு?"

"கண் கேம்ப்புல கழட்டித்தானே ஆவணும்."

அவன் உட்கார்ந்திருந்தது என் இடது பக்கம். அதனால் அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பினால் தெரிந்திருக்கும். நான் திரும்பவில்லை.