அடியும் முடியும் பதினாறுக்கு ஒன்பதும்

சென்ற வாரம் எங்கள் ராஜா அண்ணாமலைபுரம் வீட்டுச் சுவரில் புதிய தொலைக்காட்சியைப் பொருத்த வந்தவர், ஏதோ ஒரு பழைய நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கையில் என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், படத்த இழுத்து ஃபுல்லா ரொப்பிடவா, இல்ல ரெண்டு பக்கமும் கறுப்பு வுட்டுடவா?" என்று கேட்டார். ஒரு பொத்தானை அழுத்தித் தீர்த்துவிடக்கூடிய வினா. அதே வினாவை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் நான் நடுங்கிய கதை அவருக்கு எப்படித் தெரியும்?

"கறுப்பே இருக்கட்டும்" என்றேன். "அம்மாம் எடமும் வேஸ்ட்டா பூடுதே சார்" என்று எனக்காக வருந்தினார்.

அந்நாளில் ராயப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் எனக்கும் அந்தோணிக்கும் சிறியதொரு வீடியோ நிலையம் இருந்தது. கோயில் விழாக்களைப் படம்பிடித்துத் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கொடுப்போம். கேமரா அந்தோணியின் பொறுப்பு. சாந்தோம் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். மாதா சப்பரம் தூக்கிய தோளாகையால் எத்தனை கூட்டத்திலும் கேமரா அசையாது. எடிட்டிங் என் பொறுப்பு. அந்த அறையை நினைத்தால் வாசனைதான் முதலில் வருகிறது: சூடேறிய இயந்திரம், கீழிருந்து படியேறி வரும் பஞ்சர் பசை, எல்லாவற்றுக்கும் மேலே என் திருநீறு. மானிட்டரின் நெற்றியில் மூன்று கோடு இட்ட பிறகே வேலையைத் தொடங்குவேன். "சார், துன்னூறு ஃபேன்ல பூந்துக்கினு மிஷினு இருமுது" என்பார் அந்தோணி. உண்மைதான், இருமியது.

என்னிடம் வேறொரு பித்தும் இருந்தது. இளமையில் மனனம் செய்த பழம்பாடல்களில், இறைவனை வருணிப்பவர்கள் திருவடியில் தொடங்கி, சிலம்பு, இடை, மார்பு, முகம் என்று முடிவரை படிப்படியாக ஏறுவார்கள். ஆகவே எந்த உற்சவமூர்த்தியையும் கேமரா பாதத்தில் தொடங்கி மெல்ல மேலேற வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தேன். "ஒரே ஃபிரேம்ல மொத்தமா காட்டலாம், இன்னாத்துக்கு சார் எறும்பு மாரி ஏறிக்கினு?" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துத் தருவார். இதில் வேடிக்கை என்னவென்றால், எடிட்டிங்கில் நேரம் போதாமல் பெரும்பாலும் அந்த ஏற்றத்தைத்தான் முதலில் வெட்டுவேன்.

அவ்வாண்டு திருவான்மியூர்த் தேர். சுவாமிக்கு அலங்காரம் செய்யும் குருக்கள் எழுபதைக் கடந்தவர். தேர் புறப்படுமுன் என்னைத் தனியே அழைத்தார்.

"நாப்பது வருஷமா அலங்காரம் பண்றேன். பண்ணி முடிச்சதும் தேர்ல அவர் பக்கத்துலயே ஒக்காந்துண்டுடறேன். வீதியில நிக்கறவாளுக்கு எப்படி இருக்கார்னு எனக்குத் தெரியாது. முட்டி போயிடுத்து, அடுத்த வருஷத்துலேர்ந்து அலங்காரமெல்லாம் பையன்தான். எங்கையால பண்ணினத ஒரே ஒரு தரம் எட்ட நின்னு பாத்துடணும். டிவியில பாதத்துலேர்ந்து கிரீடம் வரைக்கும் தெரியுமோன்னோ?"

"தெரியும் சுவாமி" என்று வாக்களித்துவிட்டேன்.

மறுநாள் முற்பகல் கேசட்டுடன் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனோம். மாலை ஆறு மணிக்கு ஒளிபரப்பு. தரம் பார்க்கும் பொறியாளர் அம்மையார் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்து நிறுத்தினார். "போன மாசமே லெட்டர் அனுப்பினோமே சார். இனிமே நாலுக்கு மூணு வாங்க மாட்டோம். பதினாறுக்கு ஒன்பதுதான். அதுவும் கேசட் வேண்டாம், ஃபைலா ஹார்ட் டிஸ்க்ல குடுங்க. நாலு மணி தாண்டினா சமையல் நிகழ்ச்சிய ரிப்பீட் போட்டுடுவோம்."

ராயப்பேட்டைக்குத் திரும்பிவந்து தேடினோம். கடிதம் வந்திருந்தது. திருநீற்றுப் பொட்டலத்தின் அடியில், பிரிக்கப்படாமல்.

எங்கள் படம் ஏறக்குறையச் சதுரம். அவர்கள் கேட்டதோ கிடைமட்டமாக நீண்ட சட்டம். பக்கங்களில் கறுப்பு விட்டால் வாங்கமாட்டார்கள். இழுத்துப் பார்த்தோம், சுவாமியின் கன்னங்கள் உப்பின. "பொன்னுக்கு வீங்கி வந்தா மாரி கீது சார்" என்று சொன்ன கையோடு அந்தோணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எஞ்சியது வெட்டுவது. சுவாமி முழுதாகத் தெரிந்த காட்சிகளில் மேலே வெட்டினால் கிரீடம் போயிற்று, கீழே வெட்டினால் பாதம் போயிற்று. போதாக்குறைக்குச் சட்டத்தின் அடிப்பட்டையில் செய்தி ஓடுமாம்.

பன்றியாகி நிலத்தை அகழ்ந்த திருமாலுக்கு அடி கிட்டவில்லை. அன்னமாகிப் பறந்த நான்முகனுக்கு முடி கிட்டவில்லை. கையில் மவுஸுடன் நான் மேலும் கீழுமாக அலைந்துகொண்டிருந்தேன். மணி இரண்டு. குருக்களிடம் என்ன சொல்வேன்?

"சார்" என்றார் அந்தோணி, "அந்த எறும்பு ஷாட்டு இன்னா ஆச்சி?"

வழக்கம்போல் வெட்டி எறிந்திருந்தேன். தேடி எடுத்து அகன்ற சட்டத்துக்குள் வைத்தோம். முதலில் திருவடி மட்டும், செய்தி ஓடும் பட்டைக்கு மேலே, நட்ட நடுவில். அது மெல்ல நழுவிக் கீழே மறையும்போதே பட்டின் மடிப்பு வந்தது. மடிப்பு மறையும்முன் மார்பின் மாலை. எதுவும் அறுபடவில்லை, எதுவும் உப்பவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்தன. நாற்பதாண்டுகளாக நான் ஒப்பித்துவந்த வரிசையைச் செய்யுள் மரபு என்றே எண்ணியிருந்தேன். பாடியவர்களுக்கும் சட்டம் போதவில்லை என்பது அன்றுதான் உறைத்தது. அந்தோணி சிலுவைக்குறி போட்டதைப் பார்த்தேன். அவர் என் கண்ணீரைப் பார்க்காததுபோல் இருந்தார்.

பிறகு அந்தக் கடிதத்தை வரி வரியாகப் படித்து, எந்த வகை ஃபைல், எத்தனை அடர்த்தி என்று தேர்ந்து, இயந்திரம் இருமி இருமி மாற்றி முடித்தபோது மூன்றரை. ஹார்ட் டிஸ்க்கோடு ஓடினோம். நாலுக்குச் சற்று முன் அம்மையார் முழுவதும் பார்த்தார். "இது ஓகே சார்" என்றார்.

ஆறு மணிக்குக் குருக்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தேன். பாதம் வந்தது. "தண்டை சரியா இருக்கு" என்றார். பட்டு வந்தது. "மடிப்பு எடது பக்கம் கோணல். யாரும் சொல்லவே இல்லையே." மார்பில் மாலை வந்தது. முகம் வந்தது. கிரீடம் வந்தபோது, எழ முடியாத முட்டிகளோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"இவரா?" என்றார். "இவரா எம் பக்கத்துல ஒக்காந்துண்டு வந்தார்?"

அவர் இப்போது இல்லை. அந்தோணி மகளோடு வெளியூர் போய்விட்டார். சைக்கிள் கடைக் கட்டடம் இடிந்து அடுக்ககம் ஆயிற்று. கேசட்டுகளை ஒரு மழைக்காலத்துப் பூஞ்சை தின்றது. அந்த ஃபைலை இன்று எந்தக் கணினியும் திறக்க மறுக்கிறது. தேர் ஓடுகிறது. குருக்களின் மகன், சக்கரம் அசையும் முன்பே, வீதியிலிருந்து யாரோ அனுப்பிய படத்தைக் கைபேசியில் பார்த்து மாலையைச் சரிசெய்துகொள்கிறார். நல்லதுதான், மடிப்பு கோணலாவதில்லை. ஆனால் தாம் அலங்கரித்தவரை ஒருமுறையும் எட்ட நின்று காணாமல், நாற்பதாண்டுகள் அவர் அருகிலேயே அமர்ந்து வந்த ஒருவர், இனி எந்தத் தேரிலும் இருக்க முடியாது.