ஈர வேட்டியில் கால் விரித்தவன்

மத்தியானச் சங்கு ஊதியதும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்த அத்தனை பேரும் சோற்றுக்காக லயத்து வீடுகளுக்கு ஓடுவார்கள். நான் ஓடமாட்டேன். எனக்காக அங்கே எந்த அடுப்பும் எரியவில்லை. அக்கரையிலிருந்து என்னோடு கப்பலேறியவர்கள் நமுனுகுல மலையைச் சுற்றியுள்ள வேறு வேறு தோட்டங்களுக்குப் பிரிந்து போய்விட்டார்கள். எனக்குப் பெண் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. என் மூக்கைப் பார்த்தவர்கள் அவர்களைக் குறை சொல்லமாட்டார்கள்.

ஆகவே மத்தியானங்களில் நான் ஸ்டோரின் மேல்மாடியிலேயே இருப்பேன். கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி வாட விடுவதுதான் என் வேலை. கீழே அடுப்பு எரிய, சூட்டுக் காற்று மாடி முழுக்கப் பரவும். வெளியே பனி மூடிக் கிடந்தாலும் அங்கே சட்டையைக் கழற்றிப் போடலாம். அந்தச் சூட்டில், யாரும் இல்லாத நேரத்தில், நான் என் கால்களை விரித்துக்கொண்டிருப்பேன்.

காரணம் இருந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் சிலம்பம் ஆடும் கோஷ்டியில் நானும் ஒருவன். ஆட்டத்தின் முடிவில் ஒருவன் கம்பைத் தலைக்கு மேல் ஏந்தியபடி இரண்டு கால்களையும் பக்கவாட்டில் பரப்பி, தரையோடு தரையாக உட்கார வேண்டும். அவன் தலையைத் தாண்டி ஜோடிக்காரன் பாய்வான். அப்படி உட்காருவது பல வருடங்களாக என் பொறுப்பு. என் ஜோடிக்காரர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். திருவிழாவுக்கு முந்தைய மாதம் முழுக்க அந்திநேரத்தில் ஆட்டப் பழக்கம் நடக்கும். பழக்கம் முடிந்ததும் கோஷ்டி முழுவதும் அவர் வீட்டுக் காம்பராவில்தான் சாப்பாடு. வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் நான் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அவருடைய சம்சாரம் என்னை அண்ணே என்று கூப்பிடும். "அண்ணே, என்ன கோழி மாதிரி கொத்துறீங்க? நல்லா அள்ளித் தின்னுங்க. தின்னுட்டுத் தட்டக் கழுவி வைங்க, நான் என்ன ஒங்க வீட்டு வேலைக்காரியா?" அந்த வசவுக்காகவே நான் இன்னொரு கவளம் தின்பேன்.

முந்தைய வருடத் திருவிழாவில் நான் தரையைத் தொடவில்லை. வயது தொடைக்குள் புகுந்துவிட்டது.

"மச்சான், நீ குந்தினப்ப ஒரு கோழி ஒனக்குக் கீழ பூந்து அந்தப் பக்கம் போச்சுய்யா. ஊரே பாத்துச்சு," என்றார் ஜோடிக்காரர்.

"பொட்டக்கோழிதானே, விடு."

"பகடிய விடு. இந்த வருசமும் கோழி பூந்துச்சுன்னா என் மச்சினன எறக்கிருவேன். அவன் இப்பத்தான் இந்தத் தோட்டத்துக்கு வந்திருக்கான். ஒடம்பு ரப்பரு மாதிரி வளையுது."

ஆகவே மேல்மாடி. தொடையின் உட்பக்கம் நல்லெண்ணெய் தேய்த்து, இடுப்பைச் சுழற்றிச் சூடேற்றிக்கொள்வேன். சாக்குகளை மடித்து அடுக்கி, அதற்கு இருபுறமும் கால்களை நகர்த்திக்கொண்டே போவேன். வலி வந்த இடத்தில் நின்று, மூச்சை நீளமாக விட வேண்டும். மூச்சோடு தசையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அவசரப்பட்டு எகிறி எகிறி அமுக்கினால் கோபித்துக்கொண்டு முன்னைவிட இறுகிவிடும். கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டாலும் பழகின வழியை மறந்துவிடும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்ட கொழுந்துகளுக்கு இப்போது எல்லாம் தெரிந்திருக்கும். சாக்கு ஒவ்வொன்றாகக் குறைந்தது. கடைசிச் சாக்கையும் உருவிப் போட்டுப் பலகைத் தரையில் உட்கார்ந்த மத்தியானம், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று சுற்றும்முற்றும் பார்த்தேன். கொழுந்து வாடிக்கொண்டிருந்தது.

கோஷ்டிக்காரர்களுக்கும் செய்து காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. அந்தக் கடைசி உட்காருதல் ஆத்தாளுக்கான காணிக்கை. பழக்கத்தில் அதைச் செய்வது, படைக்கும் முன்பே பொங்கலைத் தின்று பார்ப்பது மாதிரி. அதனால், மாடிச் சூட்டுக்குப் பழகிய தொடை வெளியில் என்ன செய்யும் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது.

திருவிழா விடியலில் வழக்கப்படி மலையிலிருந்து பீலி வழியாகக் கொட்டும் தண்ணீரில் குளித்து, ஈர வேட்டியோடு கோயில் முன் களத்தில் நின்றோம். நமுனுகுல மலையிலிருந்து இறங்கிய பனிக்காற்று வேட்டிக்குள் குடியேறியது. ஆற்றிலிருந்து கரகம் வரத் தாமதமானது. என் தொடை இரண்டும் விறகுக் கட்டை மாதிரி ஆகிக்கொண்டிருந்ததை அறிந்தும், தப்பு மேளச் சத்தம் கேட்டதும் கம்பைச் சுழற்றினேன். முடிவு வந்தது. ஓரத்தில் அந்த மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே கால்களை விரித்து, மொத்தக் கனத்தோடும் உட்கார்ந்தேன்.

தரையைத் தொட்டேன். கோழி என்ன, எறும்புகூடப் புக முடியாது. ஜோடிக்காரர் தலைக்கு மேல் பாய்ந்தார். சனம் குலவையிட்டது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. இரண்டு தொடையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. பல் கிட்டி, உடம்பு வெடவெடவென்று நடுங்க, அடிவயிற்றிலிருந்து ஒரு ஊளை கிளம்பியது.

"ஐயோ, ஆத்தா வந்துட்டா!" என்றது ஒரு கிழவி.

தப்பு வேகம் பிடித்தது. என் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். அதுவும் பீலித் தண்ணீர்தான், இன்னும் அதிகமாக நடுங்கினேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கூட்டம் கரகத்தின் பின்னால் கோயிலுக்குள் நகரத் தொடங்கியது. களத்தில் இப்படியே கிடந்து போய்விடுவேனோ என்ற பயத்தில் கத்தினேன்:

"எல்லாரும் போயிட்டா நான் மட்டும் இங்க தனியாக் கெடக்கணுமா? ஒருத்தராச்சும் பக்கத்துல வந்து உக்காருங்க!"

தப்பு நின்றது. ஜோடிக்காரரின் சம்சாரம் மாரில் அடித்துக்கொண்டு அழுதது. "ஆத்தா சொல்றது நெசந்தானே! திருவிழா முடிஞ்சா வருசம் பூரா யாராச்சும் கோயிலப் பக்கம் எட்டிப் பாக்குறமா? அவளத் தனியாப் போட்டுட்டமே!"

சனம் திரும்பி வந்து என்னைச் சுற்றிலும் உட்கார்ந்தது. அத்தனை பேர் என் பக்கத்தில் உட்கார்ந்தது என் ஆயுளில் அந்த ஒருமுறைதான். வெயில் மலையைத் தாண்டி வந்து தொடையில் பட்டதும் பிடிப்பு விட்டது. சாமி மலையேறிவிட்டது என்றார்கள். இனி அந்திக்கு ஒரு வீடாகக் கோயிலில் விளக்கேற்றி, ஆத்தாளுக்குத் துணையாகக் கொஞ்ச நேரம் இருப்பது என்று அங்கேயே முடிவானது.

அடுத்த வருடம் பழக்கம் தொடங்கியதும் கம்பை எடுத்துக்கொண்டு போனேன். என் எதிரில் நிற்க யாரும் வரவில்லை.

"ஆத்தா எறங்கின ஒடம்பு. அதுல கம்பு பட்டா எங்க கை வெளங்குமா?" என்றார் ஜோடிக்காரர். 'நீ' என்பது அவர் பேச்சிலிருந்து போயிருந்தது.

"அட மச்சான், எனக்குத் தொடை புடிச்சுக்கிச்சுய்யா! சாமியுமில்ல, பூதமுமில்ல."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி நம்மளச் சோதிக்குது."

மச்சினன்தான் உட்கார்ந்தான். நன்றாகவே உட்கார்ந்தான், பாவி.

நான் இப்போதும் மத்தியானத்தில் மேல்மாடியில் கால் விரிக்கிறேன். தரையைச் சுலபமாகவே தொட்டுவிடுகிறேன். அந்தியில் கோயில் பக்கம் போய் ஓரமாக உட்காருவேன். ஆத்தாளுக்கு அன்றாடம் துணை வந்துவிடுகிறது. ஜோடிக்காரர் வீட்டு முறை வருகிற அன்று அவருடைய சம்சாரம் படைத்த பொங்கலில் பாதியை ஒரு தட்டில் வைத்து, தூரத்திலிருந்தே என் பக்கம் நகர்த்தும். பிறகு எனக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போகும். நான் தின்று முடித்து, தட்டைக் கழுவி வைப்பேன். யாரும் சொல்லாமலே.