முதுகை மட்டும் தொடாதீங்க

ஜாவாத் தீவின் சோலோ நகரத்து லெகி சந்தையில் முஜிலாவோடு வம்புக்குப் போய் மானத்தோடு திரும்பியவர் யாரும் இல்லை. நாற்பத்தேழு வயது. ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. இருபத்தாறு வருடமாக உருளைக்கிழங்கும் வெங்காயமும் அவள் முதுகில்தான் ஊர்வலம் போகின்றன. கோடு போட்ட நீளத் துணியால் மூட்டையைச் சுற்றி, ஒரு முனையைத் தோளுக்கு மேலாகவும் மறுமுனையை அக்குளுக்குக் கீழாகவும் இழுத்து மார்பில் ஒரு முடிச்சு. அவளுடைய தொழில் அவ்வளவுதான். கடல் தாண்டிக் கலிமந்தானுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்று தெரிந்த அன்றைக்கும் மதியத்துக்குள் பதினேழு மூட்டை ஏற்றினாள். அழவில்லையா என்றால், அழுதாள். சுமந்துகொண்டே அழுதாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒருநாள் மாடிப்படியில் நின்றுவிட்டாள். மாடிக் கடைகளுக்கு இருபத்திரண்டு படி ஏற வேண்டும். பதினோராவது படியில் மூச்சு எங்கோ சிக்கிக்கொண்டது. வறட்டு இருமல் வேறு. பின்னால் மூட்டையோடு வந்த வாசிரா அவள் மேல் முட்டிக்கொண்டாள். வாசிராவும் சுமைக்காரிதான், பத்து வயது இளையவள்.

"என்னக்கா, நடுவழியில கடை போட்டுட்ட?"

"காத்து புகுந்துடுச்சுடி."

நம் ஊரில் எந்த நோவுக்கும் முதல் பெயர் இதுதான். மழையில் நனைந்தால் காற்று, பசி கிடந்தால் காற்று, மாமியார் முறைத்தாலும் காற்று. வைத்தியமும் ஒன்றேதான். முதுகில் தைலத்தைத் தடவி, பழைய தடித்த நூறு ரூபியா காசின் விளிம்பால் விலாவெலும்பு வாட்டத்தில் சுரண்டுவது. தோல் வரிவரியாகச் சிவந்தால் காற்று வெளியேறிவிட்டது என்று கணக்கு. வாசிரா சுரண்டினாள். தேங்காய்க் கடைக்காரி சுரண்டினாள். எட்டு மாதம் சந்தையே முறைவைத்துச் சுரண்டியது. காற்று போனபாடில்லை. பதினோராவது படி ஒன்பதாயிற்று, ஒன்பது ஆறாயிற்று.

நெஞ்சைப் படம் எடுத்தார்கள். அதில் ஒரு நிழல். டி.பி.யாக இருக்கும் என்று யாரோ வாய்விட, டீக்கடைக்காரி முஜிலாவின் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். முஜிலா அந்தத் தம்ளரில் டீயை நிதானமாகக் குடித்து முடித்து, கடை வாசலிலேயே போட்டு உடைத்துவிட்டு வந்தாள். சளியைச் சோதித்ததில் டி.பி. இல்லை என்றது. அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிற இடத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு நீர்க்கட்டி. பிறக்கும்போதே கூட வந்ததாம். இத்தனை வருடம் சும்மா கிடந்துவிட்டு இப்போது பெருத்து மூச்சை நெரிக்கிறது.

நெஞ்சு டாக்டர் விபோவோ நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் முஜிலாவுக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"இது அபூர்வமான கட்டிம்மா. என் சர்வீஸ்ல நான் பார்க்கிற நாலாவது கேஸ். பயப்படாதீங்க, எடுத்துடலாம்" என்றார். தன் தோள்பட்டைக்குக் கீழே தொடங்கி விலாவைச் சுற்றி மார்பு வரைக்கும் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். "இப்படித் திறப்போம். நடுவுல இருக்கிற சதையை வெட்டி, விலாவை விலக்கினாத்தான் உள்ளே கை போகும்."

"அப்புறம் எப்ப மூட்டை தூக்கலாம்?"

டாக்டர் சிரித்தார். "மூட்டையா? அதெல்லாம் இனிமே மறந்துடணும். இவ்வளவு நாள் தூக்கினது போதாதா? உட்கார்ந்தபடி ஏதாவது வித்துக்குங்களேன்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். முஜிலாவுக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

"டாக்டர், உங்க வலது கையில ரெண்டு விரலை எடுத்துட்டு, இனிமே உக்காந்து சீட்டு எழுதுங்கன்னு சொன்னா எழுதுவீங்களா?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எடுக்காம விட்டா மூச்சு முட்டிச் செத்துப்போவீங்கம்மா."

"எடுக்க வேணாம்னு எவ சொன்னா? முதுகை மட்டும் தொடாதீங்க."

இதென்ன பிடிவாதம் என்று கேட்பவர்கள் அந்தத் துணியை ஒருநாள் முதுகில் கட்டிப் பார்க்க வேண்டும். இரக்கப்பட்டுத் தருகிற வேலையும் கையை நீட்டி வாங்குகிற சோறும் முஜிலாவுக்குத் தொண்டையில் இறங்காது. அவளுக்குச் சொந்தமென்று இருந்தது அந்த முதுகு ஒன்றுதான்.

வழியைச் சொன்னவள் அந்த நர்ஸ்தான். வராந்தாவில் பின்னாலேயே ஓடிவந்து காதோடு சொன்னாள். சுரபாயாவிலிருந்து பாலுபி என்று ஒரு பெண் டாக்டர் வரப்போகிறார். விலாவுக்கு நடுவில் மூன்று துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே கட்டியை எடுத்துவிடுவார். சதையை வெட்டுவதில்லை, எலும்பை விலக்குவதில்லை. இங்குள்ள டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுக்க மூன்றே நாள் இருப்பார். மறுபடி வர ஒரு வருடம் ஆகும்.

முஜிலா பெயர் எழுதும் அறை வாசலில் போய் உட்கார்ந்தாள். பட்டியல் நிரம்பிவிட்டது என்றார் குமாஸ்தா. நான்கு பேருக்குத்தான் இடமாம்.

"நாலு பேர்ல ஒருத்தராவது பயந்துக்கிட்டு ஓடுவாங்க. நான் இங்கயே இருக்கேன்."

நான்கு நாள் இருந்தாள். மதியம் தெம்பே என்கிற சோயாக்கட்டி வறுவலும் சோறும் பொட்டலத்தில் வாசிரா கொண்டுவருவாள். குமாஸ்தா பார்க்கும்படியாகச் சாப்பிடுவாள், இருமும்போது அவர் பக்கம் திரும்பி இருமுவாள். நான்காம் நாள் பட்டியலில் இருந்த ஒரு பெரியவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அந்த இடத்தில் முஜிலாவின் பெயரை எழுதிவிட்டுத்தான் குமாஸ்தா மூச்சு விட்டார்.

ஆபரேஷனுக்கு முதல்நாள் அவளை வார்டில் சேர்த்தார்கள். பிற்பகலில் கட்டிலில் தனியாகக் கிடந்தபோதுதான் பயம் வந்தது. உள்ளங்கை சில்லிட்டது, தோளெல்லாம் வலித்தது. பார்க்க வந்த வாசிராவிடம் சொன்னாள்.

"உடம்பெல்லாம் சில்லுன்னு இருக்குடி."

"காத்துதான். திரும்பிப் படு."

காசும் தைலமும் இல்லாமல் வாசிரா எங்கேயும் போவதில்லை. நர்ஸ் டீ குடிக்கப் போன நேரத்தில் திரையை இழுத்துவிட்டு, முதுகு, இடுப்பு, விலா என்று மூச்சுவிடாமல் சுரண்டித் தள்ளினாள். சிவப்பு வரியெல்லாம் பார்க்க லட்சணமாக இருந்தன. முஜிலா நிம்மதியாகத் தூங்கினாள். சோறு தண்ணி வேண்டாம், நகப்பூச்சு வேண்டாம், தங்கம் வேண்டாம் என்று ஆயிரம் சொன்ன ஆஸ்பத்திரி, சுரண்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருக்குத் தோன்றும்?

காலையில் டாக்டர் பாலுபி வந்தார். முஜிலாவைவிடக் குள்ளம். சுரபாயாக்காரர்கள் பேச்சே கரடுமுரடு, சோலோக்காரர்கள் வெண்ணெய் தடவிப் பேசுகிறவர்கள். முஜிலா ஒருத்திதான் ஊர் மாறிப் பிறந்துவிட்டாள். துளை போடும் இடத்தை மையால் குறிக்க அங்கியை விலக்கிய பாலுபியின் கை அப்படியே நின்றது.

"இதென்ன, வரிக்குதிரையா? யார் இந்த வேலையைப் பண்ணது?"

மூலையில் நின்ற வாசிரா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"காத்து எடுத்தோம்" என்றாள் முஜிலா.

"ரத்தம் கட்டியிருக்கும்மா. சில இடத்துல தோல் வழண்டிருக்கு. இதுல கத்தியை வெச்சா நெஞ்சுக்குள்ளயே சீழ் பிடிக்கும். மூணு துளையும் இந்த வரி மேலதான் வருது."

பின்னால் நின்ற டாக்டர் விபோவோ பெருமூச்சு விட்டார். "விடுங்க. ரெண்டு வாரத்துல இதெல்லாம் மறைஞ்சுடும். அப்புறம் நானே திறந்து எடுத்துடறேன்."

ரெண்டு வாரத்தில் பாலுபி சுரபாயாவில் இருப்பார். வாசிரா விசும்ப ஆரம்பித்தாள். முஜிலாவுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை விழுங்கிவிட்டு எழுந்து உட்கார்ந்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"இங்க பாருங்க. இங்க ஒரு கீறல்கூட இல்ல."

அக்குளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுத்தமாக இருந்தது. அவளுக்கு அங்கே கூச்சம் அதிகம். காசு கிட்டே வந்தாலே காலை உதறுவாள். போன வருடம் தேங்காய்க் கடைக்காரி அப்படி ஒரு உதை வாங்கியிருக்கிறாள்.

"மூணு துளை போட இடம் பத்தாதும்மா" என்றார் பாலுபி.

"ஒண்ணு போடுங்க."

"ஒரே துளையில பண்றது லேசுன்னு நினைச்சீங்களா?"

"நான் ஒரே முதுகுல ரெண்டு மூட்டை ஏத்துறவ. நான் லேசுன்னு சொன்னேனா?"

பாலுபி குனிந்து அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். விலாவின் இடைவெளியை விரலால் அளந்தார். "ஒரே துளையில பண்ணியிருக்கேன். இப்படிப்பட்ட கட்டிக்குப் பண்ணதில்ல" என்று விபோவோவிடம் சொன்னார். பிறகு ஒரு தாளை முஜிலாவிடம் நீட்டினார்.

"ரத்தம் பீறிட்டாலோ, கட்டி மூச்சுக்குழலோட ஒட்டியிருந்தாலோ திறந்துதான் ஆகணும். அதுக்கு சம்மதம்னு கையெழுத்துப் போடணும். நான் பொய் சொல்ல மாட்டேன்."

முஜிலா பேனாவை வாங்கவில்லை.

"உசிரு முக்கியமா முதுகு முக்கியமாம்மா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் டாக்டர்."

பாலுபி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கடைசி வரைக்கும் பார்க்கிறேன். முடியலன்னா மட்டும்தான் திறப்பேன்." முஜிலா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சந்தையில் எடையைக் குறைத்துச் சொல்கிறவர்களை அவள் பார்த்த பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். இந்தப் பெண் குறைத்துச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

மயக்கம் தெளிந்தபோது வாய் வறண்டிருந்தது, விலாவில் ஒரு குழாய் இருந்தது. முதுகைத் தடவப் பார்த்தாள், கை எட்டவில்லை.

"முதுகு இருக்கா?" என்றாள்.

நர்ஸுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "இருக்குக்கா. ஒண்ணும் தொடல. அக்குள்கிட்ட என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரே வெட்டு." கட்டி குழலோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்ததாம். ஒட்டிய இடத்தில் மெல்லிய தோலை மட்டும் விட்டு, அதன் உள்பக்கத்தைப் பொசுக்கிவிட்டு, மீதியைச் சுருக்கி அதே துளை வழியாக உருவி எடுத்தாராம் பாலுபி. இரண்டு மணி நேர வேலை ஐந்து மணி நேரமாயிற்றாம். "அஞ்சு மணி நேரமும் கேமராவைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு தெரியுமா? விபோவோ டாக்டர். ரெண்டு தரம் 'திறந்துடலாமா'ன்னு கேட்டார். அந்தம்மா ரெண்டு தரமும் 'கேமராவை ஆட்டாதீங்க'ன்னாங்க."

முஜிலா சிரிக்கப் பார்த்தாள். விலா வலித்தது. ஆனாலும் சிரித்தாள்.

மூன்று மாதம் சுமை தூக்கக் கூடாது என்று பாலுபி கண்டித்துவிட்டுப் போயிருந்தார். முஜிலா ஒருவருடைய பேச்சைக் கேட்டு நடந்தது அந்த மூன்று மாதம்தான். பூண்டு உரித்தாள், எல்லாரையும் திட்டினாள். தொண்ணூற்றோராம் நாள் விடிந்ததும் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்து நின்றாள். உருளைக்கிழங்கு மண்டிக்காரி பரிதாபப்பட்டு அரை மூட்டையைக் கட்டித் தந்தாள்.

"இது என்ன, உன் பேத்திக்கா? முழு மூட்டையை எடு."

முழு மூட்டை முதுகில் ஏறியது. வாசிரா பின்னாலேயே வந்தாள், விழுந்தால் பிடிக்க. ஆறாவது படி போயிற்று. ஒன்பதாவது போயிற்று. பதினோராவது படியில் முஜிலாவின் கால் பழக்கத்தில் ஒரு கணம் தயங்கியது, பிறகு அதுவும் போயிற்று. இருபத்திரண்டாவது படியில் மூட்டையை இறக்கி வைத்தவள் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள்.

"அய்யோ, வலிக்குதாக்கா?"

"இல்லடி." மூக்கைத் துணி முனையில் துடைத்தாள். "மூச்சு மிச்சம் இருக்குடி."

பிறகு கீழே இறங்கிப்போய் அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தாள்.