மேடு விழவில்லை

இரண்டாம் முறை தேர்தலில் நின்றபோது தோற்றுவிடுவேன் என்ற பயம் எனக்கு இல்லை. ஐந்து வருடம் பினாங்கு சட்டமன்றத்தில் 'ஒய்பி'யாக, அதாவது உறுப்பினராக, இருந்துவிட்டேன். அடைத்த சாக்கடை, ஓடாத லிஃப்ட், பிள்ளைக்குப் பள்ளி மாற்றம் என்று எதற்கு வந்தாலும் சேவை மையத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். இந்த முறையும் ஜெயித்துவிடுவேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

வாக்களிப்பு சனிக்கிழமை. புதன்கிழமை மதியம் கெலுகோர் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடியில் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக விடாத மழை. என்னோடு பிரச்சாரத்துக்கு வந்திருந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற பொறியியலாளர். அவர் என்னைத் தனியாகக் கட்டடத்தின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஒரு மண்மேடு, நான்கு மாடி உயரத்துக்கு. அதன் அடியில் இருந்த சிமெண்ட் சுவர் முன்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. மேட்டின் குறுக்கே ஒரு வெடிப்பு. அவர் அதற்குள் கையை மணிக்கட்டு வரை விட்டுக் காட்டினார்.

"போன வாரம் விரல்கூட நுழையல ஒய்பி. இந்த மழை நிக்கலன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

மேட்டை ஒட்டிய வீடுகளின் சமையலறை ஜன்னல்கள் அங்கிருந்து தெரிந்தன. ஒரு ஜன்னலில் யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரச்சாரப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னேன். கட்சியில் என்னைவிட மூத்தவர், நல்ல மனிதர்.

"நாளைக்கு இவங்கள வீட்ட விட்டுக் கெளம்பச் சொன்னா, அந்த ஓட்டு அத்தனையும் போச்சு தங்கச்சி. மூணே நாளுதான். ஞாயித்துக்கெழம சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள விழுந்துட்டா அண்ணே?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் குடையை விரித்துக்கொண்டு வெளியே போனார்.

அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னோம். வந்து பார்க்கிறோம் என்றார்கள்; எப்போது என்று சொல்லவில்லை. வியாழன் காலை நானே கதவுகளைத் தட்டினேன். தரைத்தளத்தில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டி விற்கும் ஒரு அக்கா கதவைப் பாதிதான் திறந்தார்.

"பத்தொம்பது வருசமா அந்த மேடு அங்கதான் நிக்குது. நீங்க ஓட்டு கேக்குற நேரம் பாத்துதான் விழப்போவுதா?"

"மழ நிக்கிற வரைக்கும் மட்டும் பாலாய் ராயா மண்டபத்துல இருங்க கா. சாப்பாடு, பாய் எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவர் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா படுத்த படுக்கை. பிறகு துணிகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தார்.

பாதிக் குடும்பங்கள் அந்தச் சமூக மண்டபத்துக்கு வந்தன. மற்றவர்கள் வரவில்லை. மாலைக்குள் ஒரு குரல்பதிவு எல்லோர் கைபேசிக்கும் போய்விட்டது. நிலத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்பதற்காக நான் ஜனங்களை விரட்டுகிறேன் என்று அதில் ஒரு ஆண் குரல் சொன்னது. மண்டபத்தில் இருந்தவர்களும் அதைக் கேட்டார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து கொட்டியது. அந்த அடுக்குமாடிக்காரர்கள் ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தின் வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கைபேசி அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டடத்தில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த வீட்டில் குழந்தை இருக்கிறது என்று மனம் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கியது. பதினொரு மணி இருக்கும். என்னைக் கடந்து போன இரண்டு பெண்கள், நான் சொன்ன வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது: விழட்டும். இப்போதே விழட்டும், அப்போது தெரியும் இவர்களுக்கு.

என்ன நினைத்தேன் என்று உறைத்ததும் பக்கத்திலிருந்த மேசையைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில்லாத நாளில் எனக்கு ஏன் இப்படி வியர்க்கிறது என்று கேட்டபடி ஒரு தொண்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வெடிப்பைப் பார்த்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

இரண்டு மணிக்கு மழை விட்டது. மேடு விழவில்லை. மாலையில் வாக்குகளை எண்ணி முடித்தபோது நான் தோற்றிருந்தேன். போன முறை எனக்கு அள்ளிக் கொடுத்த அந்தப் பள்ளிக்கூடத்தின் பெட்டிகள் இந்த முறை எதிர்த்தரப்புக்குப் போயிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீடு திரும்பினார்கள். பொருட்களைத் தூக்கிக்கொடுக்க நானும் போயிருந்தேன். நாசி லெமாக் அக்கா அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்.

"விழாம போச்சே ஒய்பி. உங்களுக்குத்தான் கெட்ட பேரு," என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அவர் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. பாயைச் சுருட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

எனக்குப் பின் வந்தவர் அடுத்த வருடம் அங்கே புதுத் தடுப்புச் சுவர் கட்ட ஏற்பாடு செய்தார். நல்ல சுவர். அடுத்த தேர்தலுக்குக் கட்சி என்னை மறுபடி நிற்கச் சொன்னது. முடியாது என்றேன். இன்னொரு முறை தோற்கப் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.