இருபத்து மூன்று பேருக்கு ஓர் ஊராட்சி

1973 ஆவணியில் தில்லியிலிருந்து பதினைந்து நாள் விடுப்பில் இண்டூரில் தங்கை வீட்டுக்கு வந்திருந்தேன். கார்த்திகையில் தில்லித் தமிழர்கள் நடத்தும் பட்டிமன்றத்தில் நான் பேச வேண்டும். தலைப்பு, தில்லி தனி மாநிலமாக வேண்டுமா என்பது. என்னை வேண்டாம் என்ற அணியில் போட்டிருந்தார்கள். தலைநகரம் நாட்டுக்கே பொது, அங்கே குடியிருக்கிறவனுக்குத் தனியாகச் சட்டசபை எதற்கு, மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். என் வாதம் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

அரூரில் என் பள்ளித் தோழன் காதர் தேனும் கடுக்காயும் வாங்கி விற்கிற வியாபாரி. சரக்கெடுக்கச் சித்தேரி மலைக்குப் போகிறேன், வருகிறாயா என்று ஆள் அனுப்பியிருந்தான். மறுநாளே கிளம்பிவிட்டேன்.

காலை 5.10க்கு இண்டூரில் பஸ் ஏறி, தர்மபுரியில் மாறி, 7.30க்கு அரூர். இரண்டுக்கும் சேர்த்து ஒரு ரூபாய் எண்பது பைசா. அங்கிருந்து காதரோடு மலையடிவாரத்துக்கு இன்னொரு பஸ், எழுபது பைசா. 8.50க்கு இறங்கினோம். அதற்கப்புறம் சொந்தக் கால்தான். சுமார் பதினொரு கிலோமீட்டர், நான்கு மணி நேரம் ஏற்றம். நாற்காலி தேய்த்த உடம்பு எனக்கு. காதர் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தான்.

கடைசியில் ஓர் ஓடை. முழங்கால் அளவுதான் தண்ணீர்.

"ஐப்பசியில வந்து பாரு, ஆளை உருட்டிட்டுப் போயிரும். பாலம் கேட்டு இவங்க நடக்காத நடையில்லடா. ஊராட்சி ஆபீசு கீழ இருக்குது. தலைவரு ஒரு தடவகூட மேல வந்ததில்ல. அதான் தனி ஊராட்சி கேக்கறாங்க" என்றான் காதர்.

மேடேறியதும் ஊர் தெரிந்தது. பத்தொன்பது கூரைகள், எல்லாவற்றிலும் புகை. மதியச் சமையல் நேரம் என்று நினைத்தேன். ஆனால் நாய் குரைக்கவில்லை, பேச்சுக் குரல் எதுவும் கேட்கவில்லை. காதர் குல்லாவைச் சரிசெய்துகொண்டான்.

"இன்னொண்ணு. நீ டில்லி ஆபீசருன்னு சொல்லி வெச்சிருக்கேன். கோவிச்சுக்காத."

நான் சர்க்கார் ஆபீசில் சம்பளப் பட்டியல் எழுதும் குமாஸ்தா. அதைச் சொல்லி மறுப்பதற்குள் மந்தையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மனு தயாராக இருந்தது. ஐம்பது பேராவது இருந்தால்தான் மேலே அனுப்பலாம், சர்க்கார் ஆள் யாராவது நேரில் பார்த்துத் தலையெண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கீழே யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீடு வீடாகக் காட்ட ஒரு பெண் முன்னால் வந்தாள். பெயர் பொன்னி, வயது இருபத்தைந்து இருக்கும். வயிற்றில் ஏழு மாதம்.

முதல் ஏழு வீடுகளில் சிக்கல் இல்லை. மந்தையில் பார்த்தவர்களையே வீட்டுவாரியாகச் சொன்னாள், எழுதிக்கொண்டேன். கைக்குழந்தை ஒன்றையும் சேர்த்து இருபத்து மூன்று பேர். எட்டாவது வீட்டுக் கதவு கத்தாழை நாரால் கட்டியிருந்தது. பொன்னி முடிச்சை அவிழ்த்தாள்.

"இது மாரி வூடுங்க. மாரி, அவன் பொஞ்சாதி, ரெண்டு புள்ளைங்க. நாலு எழுதிக்குங்க."

எட்டிப் பார்த்தேன். தரை அன்று காலைதான் மெழுகியிருந்தது. பானை நிறையத் தண்ணீர். நான்கு பாய்கள் விரித்திருந்தன. ஆள் இல்லை.

"காட்டுக்குப் போயிருக்காங்களா?"

"இல்லீங்க. இருக்காங்க."

அடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. மேட்டிலிருந்து பார்த்தபோது இந்தக் கூரையிலும் புகை வந்தது, அது எனக்குச் சத்தியமாகத் தெரியும். காதர் வாசலிலேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்படியே பன்னிரண்டு வீடுகள். ஒவ்வொரு வாசலிலும் பொன்னி என் பேரைச் சொல்லி, டில்லியிலிருந்து வந்திருக்கிறார் என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். பதில் வரும்வரை பொறுத்திருந்தாள். பிறகுதான் பெயர்களைச் சொன்னாள். ஒரு வீட்டில் எதையோ கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொரு வீட்டில் யாரோ பாயில் புரண்டு படுத்த சத்தம் எனக்கும் கேட்டது. எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பட்டியல் அறுபத்தொன்றில் முடிந்தது.

இந்த ஊர் வழக்கம் இதுதான். செத்தவரை ஊர்க் கணக்கிலிருந்து எடுப்பதில்லை. வீட்டைப் பெருக்கித் தண்ணீர் மாற்றி வைக்கிறார்கள். அடுப்பை மட்டும் இவர்கள் மூட்டுவதில்லை. வரி, திருவிழா, பங்கு எல்லாம் அவர்களையும் சேர்த்துத்தான். ஏமாற்ற நினைத்து யாரும் அறுபத்தொன்று சொல்லவில்லை.

"அம்மா, உசுரோட இருக்கிறவங்களைத்தான் நான் எழுத முடியும்" என்றேன்.

பொன்னிக்குக் கோபம் வரவில்லை. "பாதிப் பேரு டோலியில படுத்தபடி ஓடைக் கரையிலதாங்க போனாங்க. பாலம் இருந்திருந்தா இன்னைக்கு உங்க முன்னால நின்னிருப்பாங்க. அவங்கள விட்டுட்டு எண்ணுனா பாலம் எப்படிங்க வரும்?" என்றாள். பிறகு வயிற்றில் கை வைத்து, "எனக்கு ஐப்பசியிலங்க" என்றாள்.

பாலம் ஐப்பசிக்குள் வராது, அது எனக்குத் தெரியும். ஆனால் மனு மேலே போனால் மழைக்கு முன் ஒரு மரப்பாலமாவது போடுவார்கள் என்று அவள் நம்பினாள். காதர் என் காதருகே வந்து, "போட்டுக் குடுத்துட்டுப் போடா, உன் சொத்தா போகுது?" என்றான். பொய்க் கையெழுத்து என்று எவனாவது எழுதிப்போட்டால் என் வேலை போய்விடும். பயந்துவிட்டேன். மனுவில் இருபத்து மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொன்னி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எனக்குச் சாமைச் சோறு போட்டாள். இருட்டுவதற்குள் அடிவாரம் வந்துவிட்டோம், வழி நெடுகக் காதர் பத்தடி முன்னாலேயே நடந்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இப்போது அரூரிலிருந்து சித்தேரிக்கே பஸ் உண்டு. திரும்பும் வண்டி நேரத்தை ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தீர்த்தமலையையும் அதே நாளில் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், இரண்டும் அரைகுறையாகும். தை முதல் மாசி வரை நல்ல காலம், ஐப்பசி கார்த்திகையில் ஓடைகள் பக்கம் போகவே வேண்டாம். நார் கட்டிய கதவைக் கண்டால் அவிழ்க்காதீர்கள். யாராவது பெயர்களைச் சொன்னால் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டிமன்றத்தில் நான் நன்றாகவே பேசினேன். மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற இடத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எங்கள் அணிதான் ஜெயித்தது. மாலையோடு அறைக்கு வந்தால் கதவுக்கடியில் காதரின் கடிதம் கிடந்தது.

ஐம்பதுக்குக் குறைவு என்று மனுவை அப்போதே திருப்பிவிட்டார்களாம். ஐப்பசியில் பொன்னிக்கு வலி கண்டு, டோலி கட்டித் தூக்கி வந்து, ஓடைக் கரையில் இரண்டு நாள் தண்ணீர் வடியக் காத்திருந்தார்களாம். பெண் குழந்தை பிறந்தது, பிழைத்துக்கொண்டது. பொன்னி பிழைக்கவில்லை. ஊர்க் கணக்கு இப்போது அறுபத்திரண்டு, அதை உன்னிடம் சொல்லச் சொன்னார்கள் என்று காதர் முடித்திருந்தான்.

மாலையைக் கழற்றாமலே உட்கார்ந்து நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாய் போய்விட்டாள், மகள் வந்துவிட்டாள். நான் கையெழுத்துப் போட்ட இருபத்து மூன்று அப்படியே சரியாக இருந்தது.